அணில் வேகத்தில் ஒரு பாட்டு

நான் படிப்பித்த பாடல் காட்சிக் குழுவேலையை இந்த முறை புதிதாக வந்த ஆசிரியர்கள் நீங்கள் இருவரும் எடுத்து நடத்தப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் ஏதாவது குறிப்புகள் இருந்தால் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். குறிப்புகள் இல்லை. கமராவைப் பற்றியும் கணினியில் வெட்டி ஒட்டுவதைப் பற்றியும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் தரக்கூடியது, நான் பிழைவிட்ட ஒரு நாளின் கதை மட்டும்தான்.

என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், எனக்குக் கதிரை ஆகாது. வகுப்பில் பத்து நிமிடம் ஓரிடத்தில் நின்றதில்லை. மாணவர் ஒரு கேள்வியைக் கேட்டு முடிக்க முதலே பதிலைச் சொல்லிவிடுவேன், அது பல நேரம் வேறொரு கேள்விக்கான பதிலாக இருக்கும். வெளியே படம்பிடிக்கப் போனால் ஒரு கண் சூரியனில், ஒரு கண் மணிக்கூட்டில். பிள்ளைகள் எனக்குப் பின்னால் என்னை 'எக்ஸ்பிரஸ்' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இந்த ஊடகப் பயிற்சி நிறுவனத்துக்குப் படிப்பிக்க வருமுன் நான் வவுனியாவில் கலியாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்ரூடியோவில் வேலை செய்தேன். அங்கே முதலாளிக்கு ஒரேயொரு விதிதான். "கமரா ஓடத் தொடங்கினால் கூரை விழுந்தாலும் நிப்பாட்டக் கூடாது" என்பார். ஒருநாள் தாலி கட்டும் நேரத்தில், மணவறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப்பிள்ளை படியில் தடுக்கி விழுந்து தலை அடிபட்டது. நான் கமராவை விட்டுவிட்டு ஓடினேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, தாலி கட்டியது பதிவாகவும் இல்லை. பொம்பிளை வீட்டாருக்கு முன்னால் முதலாளி தலையைக் குனிந்துகொண்டு நின்றதை நான் தூணுக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். மூன்று நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகு என் வாழ்நாளில் ஓடுகிற கமராவை நான் நிறுத்தியதே இல்லை. நான் சொல்லப் போகிற நாளிலும் நிறுத்தவில்லை.

ஐந்தாறு வருடங்களுக்கு முன், இறுதியாண்டுக் குழுவேலைக்குச் சீட்டுக் குலுக்கியதில் மூன்று பேர் ஒன்றாக விழுந்தார்கள். முல்லைத்தீவுக் கரையில் இருந்து வந்த அன்ரன் கமரா பிடிப்பதில் கெட்டிக்காரன், ஆனால் தன் கண்ணுக்குப் பட்டதைத் தவிர வேறெதையும் ஒத்துக்கொள்ள மாட்டான். கீர்த்தனா முள்ளியவளைப் பிள்ளை. எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, பட்டியலுக்கும் ஒரு பட்டியல் வைத்திருப்பாள். மூன்றாவது தாரணி. அதிகம் கதைக்க மாட்டாள், நன்றாக எழுதுவாள். முதல் இரண்டு கிழமையும் இவர்கள் சண்டை பிடித்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அன்ரனுக்குக் கடல் வேண்டும், கீர்த்தனாவுக்கு வயல் வேண்டும். ஒருநாள் நான் மேசையில் தட்டி, "வெள்ளிக்கிழமைக்குள்ள பாட்டு இல்லையெண்டால் மூண்டு பேருக்கும் பூச்சியம்" என்று கத்திவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது தாரணி ஒரு கொப்பியை என் மேசையில் வைத்திருந்தாள். பாட்டு அவளுடைய அப்பாவைப் பற்றியது.

தாரணியின் அப்பாவைக் கிளிநொச்சியில் தெரியாதவர் இல்லை. ஊருக்கு அவர் ஸ்பீக்கர் சிவம். ஓட்டோவுக்கு மேலே குழாய் ஸ்பீக்கர் பூட்டி, ஊர் ஊராக அறிவித்தல் செய்கிறவர். மரண அறிவித்தல், கோயில் திருவிழா, மாடு காணாமல் போனது, நாளைக்குத் தண்ணீர் வராது, எல்லாம் அவருடைய குரலில்தான் வரும். "அன்பார்ந்த பொதுமக்களே" என்று அவர் இழுத்துத் தொடங்கினால், அடுப்பில் சட்டியை வைத்தவளும் வாசலுக்கு வருவாள். மரண அறிவித்தலை மட்டும் ஓட்டோவை மெல்ல உருட்டிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டுப் படலைக்கும் தனித்தனியாகச் சொல்வதுபோலச் சொல்வார்.

அந்த மனிதருக்குத்தான், குழுவேலைக்குச் சில மாதங்களுக்கு முன், தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று சொல்லிவிட்டார்கள். சத்திரசிகிச்சைக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, தாரணி தான் எழுதிய பாட்டை அவரிடம் கொடுத்து, எங்களுடைய சின்ன ஒலிப்பதிவு அறையில் அவரைப் பாட வைத்தாள். அப்போது அது குழுவேலைக்காக அல்ல, குரல் வீட்டில் இருக்கட்டும் என்றுதான். கொஞ்சம் கரகரத்த குரல். சுருதி ஓரிடத்தில் தவறும். கடைசிச் சரணம் இப்படி முடியும்:

நான் போன தெருவெல்லாம் என் குரல் நிற்குது
நீ போகையில் அதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு வா

அந்தப் பாட்டுக்குத்தான் இப்போது காட்சி எடுக்கப் போகிறோம் என்றார்கள். பாட்டு முழுக்க, அப்பாவின் குரலுக்குத் தாரணி வாயசைப்பாள். கடைசிச் சரணத்தில் மட்டும் அப்பாவே வருவார். அவரே தன் குரலுக்கு வாயசைப்பார். யோசனையைக் கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கே போய்ப் படம்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

"அப்பா ஒத்துக்கொண்டிட்டாரோ?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸ். ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன்னால நிண்டு பழகிறார். நான் பாக்கிறன் எண்டு தெரிஞ்சால் பல்லு விளக்கிற மாதிரி நடிப்பார்."

"பதிவைப் போட்டுப் பழகிறாரோ?"

"இல்லை மிஸ். அதை அவர் இன்னும் கேக்கேல்லை. ஒப்பரேசனுக்குப் பிறகு தன்ர குரலைக் கேக்கவே மாட்டன் எண்டு நிக்கிறார். 'படம் எடுக்கிற அண்டைக்கு அங்கையே கேக்கிறன்' எண்டு கொப்பியில எழுதிக் காட்டினவர்."

இதை அவள் என்னிடம் தெளிவாகச் சொன்னாள். நான் கேட்டேன், தலையாட்டினேன், பிறகு வெளிச்சத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

படப்பிடிப்புக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். மறுநாள் காலை கமரா அடுத்த குழுவுக்குப் போக வேண்டும். அதற்கு அடுத்த நாள் வேலையை ஒப்படைக்க வேண்டும். பகல் முழுக்கக் கிளிநொச்சி ஒழுங்கைகளில் தாரணியை நடக்கவிட்டு எடுத்தோம். ஒரு நாய் எல்லாக் காட்சியிலும் வந்து நின்றது. கீர்த்தனாவின் பட்டியலில் நாய் இல்லாததால் அவள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். கடைசிச் சரணத்துக்கு ஆனையிறவு. உப்பளத்து ஓரத்தில் பின்னேர வெயில் தண்ணீரில் விழும்போது எடுக்க வேண்டும் என்பது அன்ரனின் பிடிவாதம். வாடகைக்கு எடுத்த வானை ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போய்ச் சேர முதலே சிவம் அண்ணை அங்கே வந்து நின்றார். ஓட்டோவைக் கழுவித் துடைத்து, ஸ்பீக்கரை மினுக்கி வைத்திருந்தார். வெள்ளைச் சேட்டு. கழுத்தில் இருந்த துளையை மறைத்து ஒரு வெள்ளைத் துணி. ஓட்டோவின் கோர்ன்தான் இப்போது அவருக்குக் கதை. ஒரு தரம் அடித்தால் ஓம், இரண்டு தரம் என்றால் இல்லை. "ரெடியோ அண்ணை?" என்று கேட்டேன். ஒரு தரம் அடித்தார். முகத்தில் வேர்வை.

பாட்டை அவருடைய ஓட்டோ ஸ்பீக்கரிலேயே போடுவது என்று முதலே முடிவெடுத்திருந்தோம். அது தாரணியின் ஆசை. அந்தக் குழாயில் அவருடைய குரல் கடைசியாக ஒருமுறை வரட்டும் என்றாள்.

காற்று என்றால் அப்படி ஒரு காற்று. சேட்டு படபடவென்று அடித்தது. தலைமயிர் நிற்கவில்லை. அன்ரன் கமராவில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். வெயிலோ இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. "ஸ்லோ மோஷன்ல எடு" என்று சொன்னது நான்தான். மெதுவாக ஓடவிட்டால் சேட்டு அடிப்பதும் அழகாக இருக்கும், காற்றே காட்சிக்கு உதவும். யோசனை சரிதான். இன்றைக்கும் அது சரியான யோசனைதான்.

உங்களுக்குத் தெரியும், பாடுகிற வாயை மெதுவான அசைவில் காட்ட வேண்டுமென்றால், எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போட வேண்டும். ஆள் அந்த வேகத்துக்கு வாயசைக்க வேண்டும். பிறகு படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கினால் உதடும் உண்மையான குரலும் ஒன்றாகப் போகும். வேகத்தைக் கூட்டினால் குரல் கீச்சுக் கீச்சென்று அணில் மாதிரி ஆகிவிடும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டவும் வழி இருக்கிறது. அன்ரன் வானுக்குள் இருந்து லப்டொப்பில் அவசரமாக வேகத்தைக் கூட்டினான். அந்த வழியில் அவன் செய்யவில்லை, நான் கேட்கவும் இல்லை. அந்த அணில் சத்தத்தை நான் நூறு தரம் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பழகிப்போன சத்தம்.

தாரணி அந்த நேரம் தூரத்தில், அப்பாவின் கழுத்துத் துணிக்கு ஊசி குத்திக்கொண்டு நின்றாள். நான் இங்கிருந்தே கத்தினேன்: "அண்ணை, கொஞ்சம் கெதியா வாயசைக்க வேணும்!" அவர் கையை உயர்த்தினார். அவ்வளவுதான் நான் அவருக்குச் சொன்ன விளக்கம்.

அப்போது உப்பளத்தில் வேலை முடித்த பெண்கள் பஸ்ஸுக்காக வீதிக்கு ஏறி வந்தார்கள். பத்துப் பதினைந்து பேர். தலைத்துணியை அவிழ்த்தபடி வந்தவர்கள் ஓட்டோவைக் கண்டதும் நின்றுவிட்டார்கள்.

"சிவம் அண்ணையெல்லே?"

"குரல் போயிட்டுது எண்டல்லோ சொன்னவை?"

"பாட்டு இருக்காம். அவற்ர குரலிலயாம். நிண்டு கேட்டிட்டுப் போவம்."

அவர்கள் ஆசையாகத்தான் நின்றார்கள். சிவம் அண்ணை அவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு நேரே நிமிர்ந்து, கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கமராவைப் பார்த்தார். வாயைத் திறக்கத் தயாராக உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. நான் கையைக் கீழே இறக்கினேன். அன்ரன் கமராவை ஓடவிட்டான். கீர்த்தனா பாட்டைத் தட்டினாள்.

அந்தப் பெரிய குழாயில் இருந்து அணில் கீச்சிட்டது.

அவர் முதல் சொல்லுக்கு வாயைத் திறக்கும்போது முதல் வரி முடிந்துவிட்டது. கண் ஓட்டோப் பக்கம் திரும்பியது. மேலே ஸ்பீக்கரைப் பார்த்தார், யாரோ அதற்குள் இருந்து அவரைப் பழிக்கிற மாதிரி. முதலில் சிரித்தது எங்கள் கீர்த்தனாதான். வாயைப் பொத்தினாள், ஆனாலும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அதோடு பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டால் கல்லும் சிரிக்கும். ஆனால் அவருக்கு எப்படித் தெரியும்? அவர் விடாமல் வாயை வேக வேகமாக அசைத்துத் தன் குரலைத் துரத்தினார். கடைசி இரண்டு வரிக்கு எப்படியோ எட்டிப் பிடித்துவிட்டார்.

நாற்பது வினாடிச் சரணம், இரட்டை வேகத்தில் இருபது வினாடி. நிறுத்து என்று சொல்ல ஒரு வினாடி போதும். முதல் வினாடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தாரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. கமரா ஓடிக்கொண்டிருந்தது, வெயில் சரியாக இருந்தது, என் கை அந்தக் கலியாண வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது.

முடிந்ததும் அவர் யாரையும் பார்க்கவில்லை. ஓட்டோவில் ஏறி, கிளிநொச்சிப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கோர்ன் அடிக்கவில்லை. தாரணி வானின் கடைசி இருக்கையில் போய் இருந்தாள். வான் ஆறு மணிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை நாலு பேரும் கணினிக்கு முன்னால் இருந்தோம். அன்ரன் படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கி, உண்மையான குரலை அதற்கு அடியில் போட்டான். உப்புத் தண்ணீர் பொன்னாக மின்னுகிறது. வெள்ளைச் சேட்டு மெல்ல மெல்ல அலைகிறது. குரல் தொடங்குகிறது, வாய் அசையவில்லை. கண் திரும்பி எங்கேயோ தேடுகிறது. பிறகு உதடு ஒவ்வொரு சொல்லாகப் பின்னால் வந்து, கடைசி இரண்டு வரியில் குரலோடு சேர்ந்துவிடுகிறது. தன் குரலைத் தொலைத்த ஒருவன் அதைத் தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி. என் கைபட்ட வேலைகளில் இதைவிடச் சிறந்த காட்சி ஒன்று இல்லை.

"இதைப் போடாமல் வேற எதைப் போடுறது?" என்றான் அன்ரன். "அவர் பாத்தால் விளங்கிக்கொள்ளுவார்."

"நான்தான் முதல் சிரிச்சனான்" என்று கீர்த்தனா மேசையில் தலையை வைத்துவிட்டாள்.

தாரணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அழகாத்தான் இருக்கு மிஸ். அதுதான் எனக்குக் கோவம் வருது."

"அப்பா என்ன சொன்னவர்?"

"ஒண்டும் எழுதேல்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை."

நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அடுத்த நாள் ஒப்படைக்க வேண்டும். கமரா போய்விட்டது. அன்ரன் சொல்வது தொழிலுக்குச் சரி. அவரைக் கூட்டிவந்து படத்தைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் வாய் சொல்ல வந்தது. ஆனால் அவர் தன் குரலைக் கேட்காமல் இத்தனை மாதம் இருந்து, முதன்முதலில் கேட்டது அந்த அணிலைத்தான் என்று நினைத்ததும் நடை நின்றுவிட்டது. "பாட்டைக் கடைசிச் சரணம் இல்லாமல் வெட்டு" என்று அன்ரனிடம் சொல்லிவிட்டு, தாரணியைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

ஓட்டோ முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே நின்றது. ஸ்பீக்கரைக் கழற்றி நிலத்தில் வைத்து, சாக்கால் மூடியிருந்தார். எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே கடகடவென்று சொல்லத் தொடங்கினேன். மெதுவான அசைவு என்றால் என்ன, ஏன் பாட்டை வேகமாகப் போட வேண்டும், குரல் ஏன் அப்படிக் கீச்சிட்டது, அது அவருடைய குரலின் குற்றமில்லை, யாரும் அவரைப் பழிக்கவில்லை. பேசி முடித்து மன்னிப்பும் கேட்டேன். அவர் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு ஆறுதலாக, அவசரமில்லாமல் எழுதினார்.

"விளங்குது மிஸ். முதல் சொல்லியிருந்தால் நானும் சிரிச்சிருப்பன்."

நான் வாசித்துவிட்டுக் கொப்பியை நீட்டினேன். அவர் கொப்பியைத் திரும்ப வாங்கி இன்னும் எழுதினார்.

"ஊர் முழுக்க அறிவிச்சவன் நான். எனக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லை."

அதற்குப் பிறகுதான் நான் கதிரையில் இருந்தேன். அழுதுவிட்டேன் என்பதை மறைக்கத் தேவையில்லை. அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நேற்று எடுத்ததை அழித்துவிடச் சொல்லி எழுதினார். சரி என்றேன். கடைசிச் சரணம் இல்லாமலே ஒப்படைக்கிறோம் என்றும் சொன்னேன். அவர் கொப்பியில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பிறகு மகளைப் பார்த்து எழுதினார்:

"அந்த அணிலை ஃபோனில போட்டுத் தா."

நிறுவனத்துக்குத் திரும்பி, பொறுப்பதிகாரியிடம் ஒரு நாள் தவணை கேட்டேன். காரணம் கேட்டார். பிழை என்னுடையது என்றேன். "எழுதித் தாங்கோ" என்றார். எழுதிக் கொடுத்தேன். அன்ரன் தன்னுடைய கணினி நேரத்தை அடுத்த குழுவுக்கு விட்டுக்கொடுத்து, ஒரு பின்னேரத்துக்குக் கமராவை வாங்கிவந்தான். நான் சொல்லவில்லை, அவனாகத்தான் போனான்.

அடுத்த நாள் பின்னேரம் திரும்பவும் ஆனையிறவு. அதே காற்று. சிவம் அண்ணையின் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது, இரவு பகலாக அணிலோடு பழகியிருக்கிறார். ஓட்டோவின் பின் இருக்கையில் பிஸ்கற் பெட்டியை வெட்டிய ஒரு பெரிய மட்டை கிடந்தது. உப்பளத்துப் பெண்கள் வீதிக்கு ஏறி வரும்வரை அவர் காத்திருந்தார். நான் மணியைப் பார்த்தேன். அவர் விரலை ஆட்டினார், பொறு என்று. அவர்கள் வந்து, முந்தநாள் நினைவில் கொஞ்சம் கூச்சத்தோடு ஒதுங்கி நின்றதும், அந்த மட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! இப்போது அணில் பாடும். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடிக்கவும்."

ஒருத்தி அதைச் சத்தமாக வாசித்தாள். பிறகு என்ன, அந்த உப்புத் தரை முழுக்கச் சிரிப்பு. கீர்த்தனா சிரித்துக்கொண்டே அழுதாள். சிவம் அண்ணையின் தோளும் குலுங்கியது. அவருக்கு இப்போது சிரிப்பு அப்படித்தான், சத்தம் இல்லை. எல்லோரும் அடங்கியதும் மட்டையைக் கீழே வைத்தார். போய் நிமிர்ந்து நின்று, மகளுக்குக் கைகாட்டினார். அவள் கோர்னை ஒரு தரம் அடித்தாள். அணில் கீச்சிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அவருடைய உதடு ஒரு மயிரிழை பிசகாமல் அதனோடு ஓடியது. ஒரே தடவையில் முடிந்தது.

முடிந்த பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தி தயங்கித் தயங்கி முன்னுக்கு வந்தாள். "அண்ணை, ஒருக்கால் உங்கட சொந்தக் குரலில போடுங்கோவன். கேட்டிட்டுப் போறம்."

தாரணி அப்பாவைப் பார்த்தாள். அவர் ஓட்டோவின் சாரதி இருக்கையில் போய் இருந்தார். கைபிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு கோர்ன் ஒரு தரம் அடித்தது. அவள் பாட்டை அதன் வேகத்தில் போட்டாள். அவர் யார் பக்கமும் திரும்பவில்லை. பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் இறங்கி ஏதோ கத்த வாயெடுத்தவர், குழாயில் வந்த குரலைக் கேட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நானும் அந்த நாலு நிமிடமும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

போகும்போது அவர் கொப்பியில் எழுதிக் காட்டினார்: "முதல் எடுத்தது?"

"அழிச்சாச்சு அண்ணை" என்றேன்.

பொய். அதை நான் ஒரு தனி வன்தட்டில் போட்டு, என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். மனம் வரவில்லை. பிறகு அழிக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிள்ளைகள் இரண்டாவதாக எடுத்ததைத்தான் ஒப்படைத்தார்கள். மதிப்பீட்டுக்கு வெளியில் இருந்து வந்தவர்கள் வேலையைப் பாராட்டினார்கள். கடைசிக் காட்சியில் மட்டும் உணர்ச்சி கொஞ்சம் குறைவு, பாடுபவர் மிகவும் தயாராக இருக்கிறார் என்று எழுதினார்கள். அன்ரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன்.

அதற்குப் பிறகு அந்தப் பொய் என்னை ஓரிடத்தில் இருக்க விட்டதில்லை. சந்தையில் அவருடைய கோர்ன் கேட்டால் பக்கத்துக் கடைக்குள் புகுந்து, வேண்டாத சாமானுக்கு விலை கேட்பேன். அவர் என்னைக் கண்டால் ஒரு தரம் அடித்துவிட்டுப் போவார். நல்ல மனிதர், சந்தோசமாகத்தான் அடிப்பார். அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்த வன்தட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வேறு எதையாவது எடுப்பேன்.

ஓய்வுபெறும் கிழமை அலுமாரியை உங்களுக்காக ஒதுக்கினேன். எல்லாம் எடுத்த பிறகு மூலையில் அது மட்டும் கிடந்தது. 'சிவம் - 1' என்று என் கையெழுத்து. அதை யாருக்கு விட்டுப் போவது? உங்களில் ஒருவர் அதைக் கண்டு, அழகில் மயங்கி, எங்காவது போட்டுக் காட்டினால்? அன்றே லப்டொப்பையும் அதையும் எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன்.

இந்த முறை முதலில் கதிரையில் இருந்தேன். "அண்ணை, நான் உங்களுக்கு ஒரு பொய் சொன்னனான். முதல் எடுத்ததை அழிக்கேல்லை. இதுக்குள்ள இருக்கு. உங்கட சொந்தக் குரல்தான் கேக்கும், அணில் இல்லை. நீங்கள் பயந்துபோய் நிக்கிறது தெரியும், ஆக்கள் சிரிக்கிறது கேக்காது. பாக்க விருப்பமெண்டால் போடுறன். இல்லையெண்டால் இதிலயே உடைச்சுப் போடுறன்."

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். எனக்குக் கால் ஆடத் தொடங்கியது. கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் அவர் லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

இரண்டு தரம் பார்த்தார். பிறகு எழுதினார்: "நல்லாப் பயந்திருக்கிறன்." கொஞ்சம் கழித்து அதற்குக் கீழே: "வடிவாயும் இருக்கு."

வன்தட்டைக் கழற்றித் தன் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகையால் உங்கள் அலுமாரியில் அது இருக்காது.

புறப்படும்போது ஒன்று கேட்டேன். "புதுசா வந்த பிள்ளையளுக்கு இந்தக் கதையைச் சொல்லட்டோ அண்ணை? உங்களிட்டக் கேக்காமல் சொல்ல விருப்பமில்லை."

அவர் எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே இருந்தார். நான் எட்டிப் பார்த்து, தலைகீழாக வாசிக்கப் பார்த்தேன். கையால் மறைத்துக்கொண்டு, பொறு என்று விரலை ஆட்டினார். முடித்த பிறகுதான் கொப்பியை என் பக்கம் திருப்பினார்.

"சொல்லுங்கோ மிஸ். ஆனால் உங்கட வேகத்தில வேண்டாம். என்ர வேகத்தில சொல்லுங்கோ."

நீங்கள் கேட்டது அரைப் பக்கக் குறிப்பு. இவ்வளவு நீண்டதற்குக் காரணம் அதுதான்.